கிஃப்ட் என்றால் பரிசா, விஷமா, கல்யாணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜி, ஐ, எஃப், டி. இந்த நான்கு எழுத்தையும் சேர்த்துப் படிக்காத தமிழர் இன்று அரிது. பிறந்தநாள், வளைகாப்பு, கல்யாண வரவேற்பு என்று எதற்குப் போனாலும் கையில் ஒரு கிஃப்ட் இருக்கும். அதே நான்கு எழுத்து, அதே வரிசையில், ஜெர்மன் மொழியில் விஷம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் அது விஷமும்தான், திருமணமானவரும்தான். டச்சுக்காரர்களுக்கு நன்கொடை. ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்களும், ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்வந்தவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது தற்செயலாக ஒத்துப்போன எழுத்துக்கூட்டலா, இல்லை உண்மையிலேயே ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

எழுத்து ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. பி, ஏ, ஐ, என் என்ற நான்கு எழுத்தை ஆங்கிலத்தில் 'பெய்ன்' என்று படித்தால் வலி. பிரெஞ்சில் அதுவே ரொட்டி. ஆங்கிலச் சொல் தண்டனையைக் குறிக்கும் 'போய்னா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுச் சொல் ரொட்டியைக் குறிக்கும் 'பானிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிஃப்ட் அப்படியல்ல. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக் எல்லாம் ஒரே தாய்வழியில் வந்த ஜெர்மானிய மொழிகள். அந்தப் பழைய மூலமொழியில் 'கொடு' என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் அது 'கிவ்' ஆனது, ஜெர்மனில் 'கேபன்' ஆனது. கொடு என்பதிலிருந்து நாம் கொடை என்ற பெயர்ச்சொல்லை உண்டாக்குவதுபோல, அவர்கள் வினையின் கடைசியில் ஒரு டகர ஒலியைச் சேர்த்துப் பெயர்ச்சொல் உண்டாக்கினார்கள். அப்படிச் சேரும்போது முன்னால் நிற்கும் ஒலி 'ஃப்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'ட்ரைவ்' என்பதிலிருந்து 'ட்ரிஃப்ட்', ஜெர்மனில் எழுது என்னும் 'ஷ்ரைபன்' என்பதிலிருந்து எழுத்து என்னும் 'ஷ்ரிஃப்ட்' எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. ஆக, கிஃப்ட் என்பதன் ஆதிப்பொருள் 'கொடுத்தல்' அல்லது 'கொடுக்கப்பட்டது', அவ்வளவுதான். என்ன கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு ஊரும் தனித்தனி வழியில் போனது.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்களா?

இல்லை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் டேனிஷிலும் நமக்குப் பழகிய 'கி'. ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் அந்த இடத்தில் ஜி என்ற எழுத்து யகரமாகிவிடும். 'யிஃப்ட்' என்றுதான் சொல்வார்கள். டச்சில் தொண்டையை உரசிக்கொண்டு ஒரு ஒலி வரும், அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம் என்பதால் அங்கே எப்போதும் பெரிய ஜி.

கொடுப்பது எப்படி விஷமாக முடியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் கிரேக்க மருத்துவர்களிடம் இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'கொடுத்தல்' என்பதற்கு 'டோசிஸ்' என்று ஒரு சொல் உண்டு. மருத்துவர் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் அதே சொல்லால் குறித்தார்கள். லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பின்னாளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டோஸ்' ஆனது. நாம் தடுப்பூசிக்கு முதல் டோஸ், இரண்டாவது டோஸ் என்கிறோமே, அதுதான். அப்பாவிடம் செம டோஸ் வாங்கினேன் என்று பையன்கள் சொல்வதும் அதே கிரேக்கச் சொல்தான். அங்கேயும் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்குகிறார்.

லத்தீன் படித்த ஜெர்மானியர்கள் இந்த 'டோசிஸ்' என்ற சொல்லைத் தங்கள் மொழியில் சொல்ல நினைத்தபோது, கொடுத்தல் என்ற பொருளில் கையருகே இருந்த சொல்லை எடுத்தார்கள். அது கிஃப்ட். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்து என்ற பொருள் அதற்கு இப்படித்தான் சேர்ந்தது. பிறகு, கொடுக்கக் கூடாத மருந்தைக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல்லையே சொன்னார்கள். 'அவனுக்கு ஒரு கொடை கொடுத்துவிட்டார்கள்' என்பதுபோல மறைமுகமாக. மறைத்துச் சொல்லிச் சொல்லியே மறைவு போய், சொல்லுக்கு நேர்ப்பொருளே விஷம் என்றாகிவிட்டது. அகராதி அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இது.

விஷத்தை விஷம் என்று சொல்வதில் என்ன தயக்கம்?

தமிழில் யோசித்துப் பாருங்கள். வயலுக்குப் போய் என்ன அடித்துவிட்டு வருகிறோம்? மருந்து. பூச்சியைக் கொல்லும் நஞ்சுதான், ஆனால் பெயர் பூச்சிமருந்து. எலிக்கு வைப்பது எலிமருந்து. ஊரில் ஒரு துக்கச் செய்தி வரும்போது 'மருந்தைக் குடிச்சிட்டாராம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கேட்பவர் யாரும் காய்ச்சல் மருந்து என்று நினைப்பதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் தமிழை அகராதி வைத்துப் படித்தால், உயிர் காக்கும் பொருளுக்கும் உயிர் எடுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லா என்று நம்மைப் பார்த்தும் திகைப்பார்.

ஐரோப்பிய மொழிகள் நெடுகிலும் இதே கதைதான். விஷத்துக்கு ஆங்கிலத்தில் 'பாய்சன்' என்கிறார்களே, அதன் மூலம் லத்தீனில் 'போட்டியோ', அதாவது குடிப்பது, பானம். அதே மூலத்திலிருந்து வந்த 'போஷன்' என்ற சொல் ஆங்கிலத்தில் இன்றும் மருந்துக் குடிநீரையும் மந்திரக் குடிநீரையும் குறிக்கிறது. கிரேக்கத்தில் 'ஃபார்மகோன்' என்றால் மருந்து, அதுவே விஷமும். ஃபார்மசி என்று மருந்துக்கடைப் பலகையில் நாம் படிப்பது அந்தச் சொல்லின் வாரிசைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது லத்தீனின் 'வெனேனும்'. விஷத்துக்கு ஆங்கிலத்தில் 'வெனம்' என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதன் மூலம். அந்தச் சொல் ஆசையையும் காதல் தெய்வமான வீனஸையும் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அது ஒருவரை மயக்கி வசப்படுத்தக் கொடுக்கும் குடிநீர். நம்மூரில் 'இடுமருந்து' என்பார்கள், 'அவனுக்கு மருந்து வெச்சுட்டா' என்பார்கள். சோற்றில் எதையோ கலந்து மகனை மாமியார் வீட்டுப் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்று வயிறெரியும் தாய்மாரை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் உண்மை இல்லை. ஆனால் 'வெனேனும்' என்ற சொல்லை ஒரு ரோமானியன் எப்படிக் கேட்டிருப்பான் என்பது இடுமருந்து என்ற சொல்லை அறிந்த தமிழருக்குச் சட்டென்று விளங்கும்.

'அளவுதான் விஷம்' என்று சொன்னவருக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. சொன்னவர் பாராசெல்சஸ். சுவிட்சர்லாந்தின் ஐன்ஸீடெல்ன் ஊரில் 1493-ல் பிறந்து 1541-ல் சால்ஸ்பர்க்கில் இறந்த மருத்துவர். மற்ற மருத்துவர்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பிடிவாதமாக ஜெர்மனில் எழுதியவர். இவர் கொடுக்கும் மருந்தெல்லாம் விஷம் என்று எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். 1538-ல் அவர்களுக்குப் பதிலாக எழுதிய தற்காப்பு உரையில் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது: எல்லாப் பொருளும் விஷம், விஷமில்லாதது எதுவும் இல்லை, ஒரு பொருளை விஷமில்லாததாக ஆக்குவது அளவு மட்டுமே.

இதில் விஷம் என்று நான் தமிழில் எழுதிய இடத்தில் எல்லாம் அவர் எழுதியது 'கிஃப்ட்'. அளவு என்று எழுதிய இடத்தில் அவர் எழுதியது 'டோசிஸ்'. ஒன்று ஜெர்மன், மற்றது கிரேக்கம்; இரண்டுக்கும் அடிப்பொருள் கொடுத்தல். தாய்ச்சொல்லும் அதை மொழிபெயர்த்துப் பிறந்த சொல்லும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிற்கின்றன. நச்சியல் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் படித்தால் இந்தச் சந்திப்பு கண்ணில் படாது, அதுதான் வருத்தம்.

அப்படியானால் பரிசுக்கு ஜெர்மானியர்கள் என்ன சொல்கிறார்கள்?

'கெஷெங்க்'. இதன் கதையையும் கேட்க வேண்டும்.

இந்தச் சொல் 'ஷெங்கன்' என்ற வினையிலிருந்து வந்தது. இன்று அதற்குப் பரிசளி என்று பொருள். பழைய ஜெர்மனில் அதற்கு ஊற்று என்று பொருள்; வீட்டுக்கு வந்தவருக்குக் குவளையில் பானம் ஊற்றிக் கொடுப்பது. அந்தப் பொருள் இன்னும் முழுவதும் போய்விடவில்லை. 'ஐன்ஷெங்கன்' என்றால் இன்றும் குவளையில் ஊற்றுவதுதான். அரசவையில் மன்னருக்கு மது ஊற்றித் தரும் அதிகாரிக்கு 'முண்ட்ஷெங்க்' என்று பெயர். வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்தது உபசாரமாகி, உபசாரம் அன்பளிப்பாகி, பரிசைக் குறிக்கும் சொல்லானது.

இப்போது இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனில் கொடுத்தது விஷமானது, குடிக்க ஊற்றியது பரிசானது. ஆங்கிலத்தில் கொடுத்தது பரிசாகவே இருந்தது, குடிக்கக் கொடுத்தது விஷமானது. இரண்டு சொற்கள் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. சொல்லாராய்ச்சியில் இத்தனை வருடமாக நான் பார்த்தவற்றில் இதைவிட அழகான குறுக்குவெட்டு வேறு இல்லை.

ஜெர்மனில் பழைய 'கொடை' என்ற பொருள் அடியோடு அழிந்துவிட்டதா?

ஒரே ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'மிட்கிஃப்ட்'. மிட் என்றால் கூட. மிட்கிஃப்ட் என்றால் பெண்ணோடு கூடக் கொடுத்தனுப்புவது, அதாவது வரதட்சணை, இலங்கையில் சொல்லும் சீதனம். சொல்லின் பாலில்கூடப் பழைய நிலை தெரிகிறது. ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்று மூன்று உண்டு. பழைய கிஃப்ட் பெண்பால். விஷம் என்ற பொருள் அழுத்தமாகப் பதிந்தபின் அது அஃறிணைப்பாலுக்குப் போய்விட்டது. மிட்கிஃப்ட் மட்டும் இன்றுவரை பெண்பாலாகவே நிற்கிறது.

வரதட்சணையைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே விஷம் என்ற எழுத்துகள் உட்கார்ந்திருப்பதை ஜெர்மானியர்களே கவனித்துச் சிலேடையாகச் சொல்வதுண்டு. அடுப்பங்கரைத் தீயிலும் தூக்குக் கயிற்றிலும் பெண்களைப் பறிகொடுத்த நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அதைக் கேட்டுச் சிரிக்க வராது.

ஸ்வீடனில் திருமணமானவரை ஏன் கிஃப்ட் என்கிறார்கள்?

'மூத்த பொண்ணை எங்கே குடுத்திருக்கீங்க?' 'திருச்சியில குடுத்திருக்கோம்.'

இந்த இரண்டு வரி போதும், பதில் அதற்குள் இருக்கிறது. பெண்ணைக் கொடுப்பது, கட்டிக்கொடுப்பது, கொண்டான் கொடுத்தான் உறவு என்று நம் பேச்சிலேயே கல்யாணம் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தொல்காப்பியம் கற்பு என்னும் திருமண வாழ்வை விளக்கும்போது, கொடுக்க உரியவர்கள் கொடுக்க, கொள்ள உரியவன் கொள்வது என்றுதான் சொல்கிறது. வடஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலும் அப்படியே. 'கிப்டா' என்ற வினைக்குப் பெண்ணைக் கொடு, கட்டிக்கொடு என்று பொருள். கட்டிக்கொடுக்கப்பட்டவள் 'கிஃப்ட்'.

அதனால் முதலில் இந்தச் சொல் பெண்ணுக்கு மட்டும்தான் பொருந்தியது. ஐஸ்லாந்தில் அந்த வேறுபாட்டின் சுவடு இன்றும் உண்டு. மணமான பெண்ணை 'கிஃப்ட்' என்பார்கள். மணமான ஆணுக்கு 'க்வைந்துர்' என்று தனிச்சொல் இருக்கிறது. மனைவியை அடைந்தவன் என்று பொருள். அவளைக் கொடுத்தார்கள், அவன் பெற்றுக்கொண்டான். ஸ்வீடனிலும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் காலப்போக்கில் ஒரே சொல் இருவருக்கும் பொதுவாகிவிட்டது.

கொடுப்பவர் யார் என்பதைச் சட்டமே எழுதிவைத்திருந்தது. ஸ்வீடனின் 1734-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் முதல் பகுதியே திருமணத்தைப் பற்றியது. அதில் 'யிஃப்டோமான்' என்று ஒருவர் வருவார்: பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உரிமை பெற்ற ஆண். தந்தை இருந்தால் தந்தை. அவர் சம்மதம் இல்லாமல் பெண் தன் விருப்பப்படி மணந்துகொள்ள முடியாது. அந்த அதிகாரம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் சொல்லின் மிச்சம் போகவில்லை. 1987-ல் இயற்றி 1988-ல் நடைமுறைக்கு வந்த இன்றைய திருமணச் சட்டத்திலும் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாகப் பிரியும் சொத்துக்கு 'யிஃப்டோரெட்ஸ்கூட்ஸ்' என்றுதான் பெயர். முன்னால் நிற்பது அதே கொடுத்தல்.

ஸ்வீடனில் வரித்துறையிடம் ஒருவர் தன் பதிவுச் சான்று வாங்கினால், அதில் குடும்பநிலை என்ற வரிக்கு எதிரே இந்த நான்கு எழுத்து இருக்கும். மணமாகாதவர் என்றால் முன்னால் ஒரு 'ஊ' சேர்ந்து 'ஊயிஃப்ட்'. புதிதாகக் குடியேறியவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்கு என்ன பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் விழிப்பது இயல்பே.

கல்யாணத்துக்கும் விஷத்துக்கும் ஒரே சொல் என்பது வேண்டுமென்றே வைத்ததா?

இல்லை. ஸ்காண்டிநேவியாவில், அதாவது ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பகுதியில், எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை இது. ஆனால் இரண்டு பொருளும் அங்கே வந்தது இரண்டு வழியில்.

திருமணம் என்ற பொருள் உள்ளூர்ச் சொத்து, நார்ஸ் காலத்திலிருந்தே இருப்பது. விஷம் என்ற பொருள் தெற்கிலிருந்து கப்பலில் வந்தது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஹன்ஸா என்ற ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பு பால்டிக், வடகடல் வாணிபத்தைக் கையில் வைத்திருந்தது. அதன் தலைமை ஊர் லூபெக். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் 1360 வாக்கில் அவர்களுக்கு ஒரு நிலையமே அமைந்தது; கருவாட்டு மீன் வாங்கித் தானியம் விற்ற அந்தத் துறைமுக வரிசையில் பின்னாளில் எழுந்த மர வீடுகள் 'ப்ரிக்கன்' என்ற பெயரில் இன்றும் நிற்கின்றன. அவர்கள் பேசிய, வடஜெர்மனியின் தாழ்நிலப் பகுதிக்குரிய ஜெர்மன் மொழியின் சொற்கள் ஸ்காண்டிநேவிய மொழிகளில் ஆயிரக்கணக்கில் கலந்தன. விஷம் என்ற பொருளில் கிஃப்ட் அவற்றில் ஒன்று. வந்து இறங்கியபோது அங்கே அதே ஒலியில் ஒரு சொல் ஏற்கெனவே குடியிருந்தது. வெகுகாலத்துக்கு முன் பிரிந்துபோன பங்காளிகள் இருவர் ஒரே வீட்டில் மறுபடி சேர்ந்ததுபோல ஆயிற்று.

அதற்கு முன் அவர்கள் விஷத்துக்கு என்ன சொன்னார்கள்?

'எய்ட்ர்'. ஐஸ்லாந்தில் இன்றும் விஷம் 'எய்தூர்'தான். அங்கே ஹன்ஸா சொல் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஜெர்மனில் இதே சொல் 'ஐட்டர்' ஆகிச் சீழைக் குறிக்கிறது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் அது ஒரு சிலந்திக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது: சிலந்திக்கு அவர்கள் சொல்லும் 'எடர்கொப்' என்ற பெயரின் முன்பாதி அந்தப் பழைய விஷம்தான். பழைய ஆங்கிலத்திலும் சிலந்திக்கு இதே மாதிரிப் பெயர் இருந்தது, 'ஆட்டர்கொப்பே'.

ஆங்கிலத்தில் மட்டும் எப்படிப் பரிசு என்ற நல்ல பொருள் நிலைத்தது?

ஆங்கிலத்திலும் அது முதலில் பரிசு இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசப்பணம் என்று பொருள். பன்மையில் சொன்னால் கல்யாணம். நிச்சயதார்த்தத்தைப் 'பரிசம் போடுதல்' என்று நம்மில் பல சமூகங்கள் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு, பரிசம் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் என்பதால் நமக்கு இந்தப் பொருள்மாற்றம் விசித்திரமாகத் தோன்றாது.

உச்சரிப்பும் அன்று 'யிஃப்ட்'. இன்றைய ஸ்வீடிஷ் போலவே. பிறகு ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் நார்ஸ் மொழியின் கடினமான 'க்' ஒலியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு உச்சரிப்பும் சில நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. 14-ஆம் நூற்றாண்டு லண்டனில் கவிஞர் சாசர் எழுதியபோதுகூட 'யிஃப்ட்' என்ற வடிவம்தான் அவர் கையில் வந்தது. கடைசியில் வடக்கத்தி உச்சரிப்பு வென்றது. பரிசு என்ற அகன்ற பொருளையும் அதுவே கூட்டிவந்தது. கிவ் என்ற வினையும் இப்படி நார்ஸ் ஒலியை ஏற்றதுதான். ஒரு மொழியின் 'கொடு' என்ற அடிப்படை வினையையே வந்தேறிகளின் நாக்கு மாற்றியது என்றால், அந்த இரண்டு மக்களும் எவ்வளவு நெருக்கமாகக் கலந்து வாழ்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாதது. பழைய நார்ஸில் இதே சொற்குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள். 'கிப்டா' என்றால் நற்பேறு. ஐஸ்லாந்தில் 'கிஃப்டா' என்ற பெயர்ச்சொல் அந்தப் பொருளில் இன்றும் இருக்கிறது.

கொடுத்தலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விளக்க நேரமாகும். தமிழருக்கு ஒரு நொடி போதும். 'அவ கொடுத்து வெச்சவ.' 'நமக்குக் கொடுப்பினை இல்லை.' யார் கொடுத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. முன்பே நம் பேருக்கு அளந்து வைத்தது ஒன்று உண்டு, அது கிடைத்தவர் பாக்கியசாலி.

ஆக நான்கு பொருள்: பரிசு, திருமணம், விஷம், நற்பேறு. ஐரோப்பாவில் இவை நாடு நாடாகச் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் கொடு என்ற ஒரே வினையைச் சுற்றி நான்கும் இருக்கின்றன: கொடை, பெண் கொடுத்தல், மருந்து கொடுத்தல், கொடுப்பினை. நாம் அவர்களிடமிருந்து வாங்கவில்லை, அவர்களும் நம்மிடமிருந்து வாங்கவில்லை. இரண்டும் தொடர்பே இல்லாத குடும்பங்கள். கொடுப்பதைப் பற்றி யோசித்த மனிதர்கள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். இந்தச் சொல்மேல் எனக்கு இவ்வளவு ஈடுபாடு வந்ததே இதனால்தான்.

டச்சு மொழியில் நிலைமை என்ன?

டச்சுக்காரர்கள் சாமர்த்தியமாகப் பிரித்துவிட்டார்கள். 'கிஃப்ட்' என்றால் கொடை, நன்கொடை. கடைசி டகரத்தை உதிர்த்து 'கிஃப்' என்றால் விஷம். ஆனால் பெயரடைக்குப் போகும்போது டகரம் திரும்பி வந்துவிடும்: 'கிஃப்டிக்' என்றால் நச்சுத்தன்மை உள்ளது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸும் விஷத்துக்கு 'கிஃப்' என்றே சொல்கிறது.

இதே சொல் வேறெங்கெல்லாம் போயிருக்கிறது?

ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் விஷமாகவே இருக்கிறது, ஹீப்ரு எழுத்தில் எழுதுவார்கள். எஸ்தோனியாவின் மொழி ஜெர்மானிய மொழிக் குடும்பமே அல்ல. இருந்தும் ஹன்ஸா கப்பல்கள் அங்கேயும் இதை இறக்கிவைத்தன. அங்கே அது 'கிஹ்வ்ட்' ஆகி, விஷம் என்ற பொருளோடு, இளைஞர்கள் பேச்சில் 'பிரமாதம்' என்றும் ஆகிவிட்டது. நம் பையன்கள் ஒன்றைப் பாராட்ட 'கொல மாஸ்' என்பதுபோல.

பரிசுக்குள்ளேயே விஷம் இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்களே?

அந்தக் கருத்தைப் பரப்பியவர் சாதாரணமானவர் அல்ல. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் 1924-ல் இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானியர்களிடையே கொடை என்றால் பெரும்பாலும் கூடிக் குடிக்கும் பானமும் விருந்தும்தான். அதை வாங்கிக் குடித்தவர் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார். அதே குவளையில் நஞ்சும் இருக்கலாம் என்ற பயம் எப்போதும் உண்டு. ஆகவே இரண்டு பொருளும் ஒரே சொல்லில் சேர்ந்ததில் வியப்பில்லை என்பது அவர் வாதம்.

மனிதர்களைப் பற்றிய உண்மையாக இதை நான் மதிக்கிறேன். மொய் நோட்டு எழுதி வைத்து, வாங்கியதைத் திருப்பிச் செய்யும்வரை மனது உறுத்திக்கொண்டே இருக்கும் நமக்கு, கொடை ஒரு கட்டு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சொல்லின் வரலாறாக இதை எடுத்துக்கொண்டு, 'பரிசெல்லாம் விஷம் என்று ஜெர்மானிய முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று பகிர்வது சரியல்ல. முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. மருந்தின் அளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை மொழிபெயர்த்தார்கள், அது வழுக்கி விஷத்தில் விழுந்தது.

படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெர்மனில் குழப்பமே இல்லை, எப்போதும் விஷம். பழைய ஜெர்மன் மருந்துக்கடைகளில் கொடிய நஞ்சுகளைத் தனி அலமாரியில் பூட்டி வைப்பார்கள். 'கிஃப்ட்ஷ்ராங்க்' என்று பெயர். அதற்குள் இருக்கும் புட்டிகளின் சீட்டு கறுப்பு, எழுத்து வெள்ளை. மற்ற புட்டிகளோடு கை தவறிக்கூட மாறிவிடக் கூடாது என்பதற்காக. ஊருக்குக் காட்டக் கூடாதென்று பூட்டி வைக்கும் புத்தகங்களின் அலமாரிக்கும் இன்று அதே பெயரைச் சொல்கிறார்கள்.

ஸ்காண்டிநேவிய மொழிகளில் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவரைப் பற்றி 'இருக்கிறார்' என்ற வினையோடு வந்தால் மணமானவர். எலி, பாம்பு என்ற சொற்களின் வாலில் ஒட்டி வந்தால் விஷம். கடைசியில் 'இக்' சேர்ந்து 'யிஃப்டிக்' என்று வந்தால் அது எப்போதும் நச்சுதான், கல்யாணம் அல்ல. அங்கே வாழும் குடும்பங்கள் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: ஸ்வீடனின் யிஃப்ட்இன்ஃபொர்மஷூன்சென்ட்ராலன், டென்மார்க்கின் கிஃப்ட்லின்யன் என்பவை திருமணத் தகவல் மையங்கள் அல்ல. குழந்தை சலவைத் திரவத்தையோ மாத்திரையையோ விழுங்கிவிட்டால் என்ன செய்வதென்று தொலைபேசியில் சொல்லும் நஞ்சுத் தகவல் சேவைகள்.

ஜெர்மன் பேச்சுவழக்கில் இந்தச் சொல் எப்படியெல்லாம் வருகிறது?

நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல 'அதன்மேல் நீ விஷமே குடிக்கலாம்' என்பார்கள். நாம் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதுபோல. கோபத்தில் கத்துபவர் 'விஷமும் பித்தமும் துப்புகிறார்'. சதா சிடுசிடுத்துப் பிறரைக் குத்திப் பேசும் ஆள் 'கிஃப்ட்ஸ்வெர்க்', விஷக் குள்ளன். கண்ணைப் பறிக்கும் பச்சை 'கிஃப்ட்க்ரூன்', விஷப் பச்சை. 19-ஆம் நூற்றாண்டில் சுவர்த்தாளுக்கும் துணிக்கும் பூசிய ஒரு பளீர்ப் பச்சைச் சாயத்தில் ஆர்சனிக் இருந்தது. அந்தப் பச்சை உண்மையாகவே ஆளைக் கொன்றது.

ஜெர்மன் நண்பர் வீட்டுக்குப் போய், ஆங்கில நினைப்பில் 'உங்களுக்கு ஒரு கிஃப்ட் கொண்டுவந்திருக்கிறேன்' என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். ஜெர்மானியர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியும். என்ன நடந்தது என்று அவருக்கே புரிந்திருக்கும். 'கெஷெங்க்' என்று திருத்திச் சொல்லிவிட்டுப் பெட்டியை நீட்டுங்கள். உள்ளே தின்பண்டம் இருந்தால் முதல் துண்டை நீங்கள் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.